எண்ணைக் கண்டு பயப்படாதே!



ஒரு வீட்டில் கேன்சர் என்று தெரிந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் முன்னே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எத்தனாவது ஸ்டேஜாம்?" சொந்தக்காரர் கேட்பார், பால்காரர் கேட்பார், நம்ம சபையாரும் கேட்பார்கள். கேட்டவர் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த எண்ணைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ராத்திரி படுக்க வேண்டியவள் வேறு ஒருத்தி. நானும் அப்படிப் படுத்தவள்தான். அதனால்தான் மார்புப் புற்றுநோயைக் குறித்து இந்த மாதப் பாடத்தை எழுதும்படி பாஸ்டர் ஐயா என்னைக் கேட்டுக்கொண்டார். நான் படித்தவள் அல்ல, பட்டவள். பட்டதை எழுதுகிறேன்.

நான் பார்த்த 4

எங்கள் ஊர் கீரமங்கலம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த கஜா புயலில் எங்கள் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்த நஷ்டத்திலிருந்து எழும்பு முன்னே, 2019 பிப்ரவரியில் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்காத கட்டி என்ன செய்யும் என்று மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டேன். அது தப்பு. இந்த நோயின் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது. என் மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மேமோகிராம் படம் எடுத்த இடத்தில் ஒரு கவரைக் கொடுத்து, "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பஸ்ஸிலேயே கவரைப் பிரித்தேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். கடைசியில் 'பைராட்ஸ் 4' என்று இருந்தது. பைராட்ஸ் புரியவில்லை. 4 புரிந்தது. நாலாவது ஸ்டேஜ்! முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த ஒன்பது நாளும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ரேஷன் கார்டும் பேங்க் புஸ்தகமும் இருக்கிற இடத்தை எங்க வீட்டுக்காரருக்குக் காட்டினேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குச் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். "எதுக்கும்மா?" என்றான். "ஆம்பளப் புள்ளையும் தெரிஞ்சுக்கணும்டா" என்று சொல்லிவிட்டு, அடுப்புப் புகைமேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தேன். முழங்கால் போட்டால் ஜெபம் வராது, கணக்குத்தான் வரும். மகள் கல்யாணத்துக்கு இருப்பேனா? பையன் பத்தாவது எழுதும்போது இருப்பேனா?

பத்தாம் நாள் டாக்டரம்மாவிடம் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். "நாலாவது ஸ்டேஜ்னு யாரும்மா சொன்னது?" என்றார். "இதுல போட்டிருக்கே டாக்டரம்மா" என்றேன். அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். "இது ஸ்டேஜ் இல்லம்மா. படத்தைப் பார்த்தவர், 'எனக்குச் சந்தேகமா இருக்கு, சதை எடுத்துப் பரிசோதனை பண்ணுங்க'ன்னு எனக்கு எழுதின குறிப்பு. இதே 4 போட்ட எத்தனையோ பேருக்குக் கேன்சரே இல்லைன்னு வரும்."

பிரியமானவர்களே, எனக்குச் சதைப் பரிசோதனையில் கேன்சர் என்றுதான் வந்தது. அதை மறைத்து இதை ஒரு இனிப்பான கதையாக்க எனக்கு மனமில்லை. ஆனால் அது இரண்டாவது ஸ்டேஜ். ஒன்பது ராத்திரி நான் செத்துப் பிழைத்தது எனக்கு இல்லாத ஒரு எண்ணுக்காக. இதிலிருந்து நான் கற்ற மூன்று பாடங்களைச் சொல்லுகிறேன்.

பாடம் 1: எந்த எண் என்று கேள்

நோயாளியின் கையில் வருகிற காகிதங்களில் பல எண்கள் இருக்கும். எல்லாம் ஸ்டேஜ் அல்ல.

படத்தில் வருகிற பைராட்ஸ் எண், சந்தேகத்தின் அளவு. சதைப் பரிசோதனையில் வருகிற கிரேடு என்பது 1, 2, 3. நோயின் அணுக்கள் பார்வைக்கு எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாய்ப் பெருகும் என்பதை அது காட்டும். எனக்குக் கிரேடு 3 என்று வந்தது. ஆனால் ஸ்டேஜ் 2. இரண்டும் வேறு வேறு.

ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்லுகிறது. அதற்கு மூன்று காரியம் பார்க்கிறார்கள். கட்டி எவ்வளவு பெரிது: 2 சென்டிமீட்டருக்குள்ளா, 5 வரைக்குமா, அதற்கும் மேலா? அக்குளில் இருக்கும் நெறிகளுக்குப் போயிருக்கிறதா? எலும்பு, நுரையீரல், ஈரல் போன்ற தூர உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா? தூரமாய்ப் போயிருந்தால்தான் நாலாவது ஸ்டேஜ். 2018 முதல் நடைமுறைக்கு வந்த முறையில் கட்டியின் குணத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஹார்மோனுக்கு இணங்குகிற கட்டியா, ஹெர் 2 என்ற புரதம் அதிகமாய் உள்ள கட்டியா என்று பரிசோதித்து, அதற்கேற்ற மருந்து கொடுக்கிறார்கள். ஆகவே ஒரே அளவு கட்டி உள்ள இரண்டு பேருக்கு வைத்தியமும் வேறு, எதிர்பார்ப்பும் வேறு. ஆபரேஷனுக்கு முன்னே சொன்ன ஸ்டேஜ், எடுத்த கட்டியையும் நெறியையும் பரிசோதித்த பிறகு மாறவும் கூடும்.

இந்தக் கணக்கு முறையைப் பிரான்ஸ் தேசத்து டாக்டர் பியர் டெனுவா என்பவர் 1943-லிருந்து 1952 வரை உழைத்து வகுத்தார். எந்த ஊர் டாக்டரும் ஒரே பாஷையில் பேசவும், யாருக்கு எந்த வைத்தியம் என்று தீர்மானிக்கவும் அது உதவியது.

இதை எனக்கு நன்றாய் விளங்கவைத்தது டாக்டர் அல்ல, ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்த மணமேல்குடிப் பக்கத்து அக்கா. மீன் விற்கிறவர். அவருக்கு எலும்பு வரைக்கும் போய்விட்டது. நாலாவது ஸ்டேஜ். ஒருநாள் நான் எண்ணைப் பற்றிப் புலம்பியபோது அவர் சொன்னார்: "துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறானே, எதுக்கு? செத்துப்போங்கன்னு சொல்லவா? படகைக் கரையேத்திக் கட்டுங்கன்னு சொல்லத்தான் தாயி. கூண்டு நம்பரைப் பார்த்து அழுதுகிட்டு நின்னா படகு போயிரும்."

1 முதல் 11 வரை எண் உள்ள அந்தக் கூண்டை நம் கடற்கரை ஜனங்கள் எல்லாரும் அறிவார்கள். ஸ்டேஜும் அப்படித்தான். என்ன செய்யவேண்டும் என்று சொல்ல ஏற்றுகிற கூண்டு அது.

பாடம் 2: எண் சொல்லாததை அதன் வாயில் வைக்காதே

"அப்படியானால் எத்தனை வருஷம் இருப்பேன்?" இதுதான் உள்ளே இருக்கிற உண்மையான கேள்வி.

நம் தேசத்தில் 11 இடங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளை வைத்து, 2012-லிருந்து 2015 வரை மார்புப் புற்றுநோய் கண்டவர்களைப் பார்த்தார்கள். நோய் மார்போடு நின்றிருந்தவர்களில் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் ஏறக்குறைய 100-க்கு 81. பக்கத்து நெறிகளுக்குப் போயிருந்தவர்களில் 65. தூர உறுப்புகளுக்குப் போயிருந்தவர்களில் 18.

இந்தக் கணக்கு நமக்கு ஒரு புத்தி சொல்லுகிறது: சீக்கிரம் போ, தாமதிக்காதே. ஆனால் அந்த 100 பேரில் நீ யார் என்று அது சொல்லாது. 81 என்பது 100 அல்ல, ஆகவே அசட்டையாய் இருக்கக்கூடாது. 18 என்பது பூஜ்யமும் அல்ல, ஆகவே கைவிடப்பட்டவளாய் உட்காரவும் கூடாது. மேலும் அவர்கள் நோய் கண்டது 2015-க்குள். அன்றைக்கு இருந்த வைத்தியம் இன்றைக்கு அப்படியே நிற்கவில்லை.

அமெரிக்க தேசத்தில் ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற விஞ்ஞானி இருந்தார். 1982-ல் அவருக்கு 40 வயதில் வயிற்றுப் பகுதியில் ஒரு அபூர்வமான கேன்சர் வந்தது. புஸ்தகத்தைப் புரட்டினார். பாதிப்பேர் 8 மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள் என்று கண்டிருந்தது. வேறொருவராய் இருந்தால் 8 மாதத்தில் சாவு என்று படித்திருப்பார். கணக்குத் தெரிந்த அந்த மனுஷர் வேறு விதமாய்ப் படித்தார்: "அப்படியானால் மற்றப் பாதிப்பேர் 8 மாதத்துக்கு மேல் இருக்கிறார்களே! அதில் சிலர் வெகு காலம் இருப்பார்களே!" அவர் 20 வருஷம் வாழ்ந்து, 2002-ல் சம்பந்தமில்லாத வேறொரு கேன்சரில் மரித்தார். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. புஸ்தகத்தில் இருக்கிற எண் கூட்டத்தின் எண், உன் நாள் அதில் குறித்திருக்கவில்லை என்றுதான் சொல்லுகிறேன்.

பாடம் 3: எசேக்கியா கேட்டு வாங்கிய எண்

ஏசாயா 38-ம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எடுத்து வாசியுங்கள். எசேக்கியா ராஜாவுக்கு வியாதி. பிழைக்கமாட்டாய் என்று தீர்க்கதரிசியே வந்து சொல்லிவிட்டார். ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுதார், ஜெபித்தார். தேவன் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார்.

இங்கே மூன்று காரியம் கவனியுங்கள்.

முதலாவது, அவர் அழுதார். ராஜா அழுததை வேதம் மறைக்கவில்லை. நோயில் அழுகிறவளை "விசுவாசம் இல்லாதவள்" என்று சொல்ல நாம் யார்?

இரண்டாவது, 15 வருஷம் என்ற வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதே அத்திப்பழப் பற்றும் போட்டார்கள். எனக்கு இரண்டாவது கீமோ முடிந்த சமயம் ஒருவர் வீட்டுக்கு வந்து, "விசுவாசம் இருந்தா ஊசி எதுக்கு சிஸ்டர்?" என்றார். தலைமுடி எல்லாம் கொட்டி, வாய் புண்ணாகி இருந்த எனக்கு அந்த வார்த்தை இனித்தது. மூன்றாவது ஊசிக்குப் போகாமல் ஒரு வாரம் தள்ளினேன். பாஸ்டர் ஐயா தெரிந்து வந்து, இந்த அதிகாரத்தைத்தான் திறந்துவைத்தார். "ஜெபம் கேட்ட தேவன்தான் பற்றுப்போடவும் சொல்லிக்கொடுத்தார். நாளைக்கு முதல் பஸ்ஸில் நானும் வருகிறேன், கிளம்புங்க" என்றார். அன்றைக்கு அவர் வராதிருந்தால் இன்றைக்கு இந்தப் பாடம் எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

மூன்றாவதுதான் என் கண்ணைத் திறந்தது. எசேக்கியாவுக்கு நாம் ஏங்குகிற எண் கிடைத்தது. 15 வருஷம் என்று திட்டமாய்த் தெரியும். அதனால் அவர் ஞானியாகிவிட்டாரா? அடுத்த அதிகாரத்திலேயே பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குப் பொக்கிஷசாலையைத் திறந்து பெருமையாய்க் காட்டிக்கொண்டிருக்கிறார். எத்தனை வருஷம் என்று தெரிந்துகொள்வது சமாதானம் கொடுப்பதில்லை, பிரியமானவர்களே. இன்றைக்கு எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்தால் அது கொடுக்கும்.

மணமேல்குடி அக்கா சுகமாகவில்லை. பவுலின் முள் எடுக்கப்படாதது போல அவருடையதும் எடுக்கப்படவில்லை. ஆனால் நோயை அடக்கி வைக்க மருந்து கொடுத்தார்கள், வலி தணிக்கவும் வைத்தியம் பார்த்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தார். பேத்தியைத் தூக்கினார். முடிந்த நாளெல்லாம் மீன் கூடையைத் தூக்கினார். 2022-ல் மரித்தார். "நாலாவது ஸ்டேஜ்" என்று ஊர் சொன்ன அன்றைக்கே அவர் மரித்துவிடவில்லை. அது பெரிய காரியம்.

நம் ஊர் மகள் ஒருத்தி

பயத்தைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்பிள்ளைகள் படித்த மகாராஜா கல்லூரியில் படித்த முதல் பெண். 1912-ல் சென்னையில் டாக்டரானார். 1923-ல் அவருடைய சொந்த சகோதரியைக் கேன்சர் கொண்டுபோனது. டாக்டராய் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் 30 வருஷம் சுமந்தார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். கேன்சர் என்றாலே சாவு என்கிற எண்ணத்தை மாற்ற, டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும் வரை பாடுபட்டார். ஒரு புதுக்கோட்டைப் பெண்ணின் கண்ணீர் எத்தனை குடும்பங்களுக்குக் கட்டிலும் மருந்தும் ஆனது, பாருங்கள்!

பயம் வருகிற ராத்திரிக்கு

நான் கைக்கொண்டு பலன் கண்ட ஆறு காரியங்கள்:

1. ரிப்போர்ட் கவரைத் தனியாகப் பிரித்துப் படிக்காதே. டாக்டரிடம் போகும்போது ஒரு ஆளையும் ஒரு நோட்டையும் கூட்டிப் போ. ஐந்து கேள்வி எழுதிக்கொள்: இது எந்த எண், ஸ்டேஜா கிரேடா? நெறிக்கோ வேறு இடத்துக்கோ போயிருக்கிறதா? ஹார்மோன், ஹெர் 2 முடிவு என்ன? வைத்தியம் நோயை நீக்கவா, அடக்கி வைக்கவா? அடுத்து என்றைக்கு வரவேண்டும்?

2. கவலைக்கு ஒரு நேரம் குறி. நான் சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை வைத்தேன். அப்போது எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அதையே ஜெபக்குறிப்பாக வைத்து ஜெபிப்பேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கவலை வந்தால், "நாளைக்கு ஆறு மணிக்கு வா" என்று அனுப்பிவிடுவேன். முதலில் சிரிப்பு வந்தது. போகப்போகத் தூக்கம் வந்தது.

3. மற்றவர் கதையை உன் கதையாக்காதே. "எங்க சின்னம்மாவுக்கும் இதேதான்" என்று யாராவது ஆரம்பித்தால், "அவங்க வேற, நான் வேற அக்கா" என்று அன்பாய் நிறுத்திவிடு.

4. செக்கப்புக்கு முந்தின வாரம் பயம் திரும்ப வரும். எனக்கு இன்றைக்கும் வருகிறது. அது பின்மாற்றம் அல்ல. சரீரம் பட்டதை மறப்பதில்லை. அந்த வாரம் யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்.

5. பணத்துக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளாதே. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலிலேயே பார். என் ஆபரேஷனும், கீமோவும், கரண்ட் வைத்ததும் அந்த அட்டையில்தான் நடந்தது. அதன் பிறகு ஐந்து வருஷம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டேன், ஒரு நாளும் விடாமல்.

6. இரண்டு வாரமாய்த் தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், செத்துவிடலாம் என்று தோன்றினால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல். 104-க்கும் 14416-க்கும் இலவசமாய்ப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். மனசுக்கும் அத்திப்பழப் பற்று உண்டு.

சபையாருக்கு ஒரு வார்த்தை

நோயாளியைப் பார்க்கப் போகும்போது "எத்தனாவது ஸ்டேஜ்?" என்று கேட்காதீர்கள். "அடுத்த ஊசி என்னைக்கு? நான் கூட வரவா?" என்று கேளுங்கள். அவள் வீட்டில் ஒரு வேளை உலை வையுங்கள். ஊசி போட்ட அன்றைக்கு அவள் பிள்ளைகளைக் கூட்டி வந்து சாப்பாடு போடுங்கள். எண் சபைக்கு வேண்டாம், ஆள்தான் வேண்டும். சகோதரிகளே, மார்பில் கட்டி தட்டுப்பட்டும் பயத்தினால் மூடி வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்தால், அடுத்த ஞாயிறு வரை காத்திராதேயுங்கள். நாளைக்கே போங்கள். தனியாய்ப் போகப் பயமா? பாஸ்டரம்மாவிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.

கஜாவில் சாய்ந்த எங்கள் பலாவை வெட்டாமல் விட்டோம். அடுத்த வருஷம் அடிமரத்தில் துளிர்த்தது. இது எத்தனை வருஷம் காய்க்கும் என்று நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றினோம். பையன் பத்தாவது எழுதினான், நான் இருந்தேன். அவன் வடிக்கிற சோறு இன்றைக்கும் கொஞ்சம் குழைந்துதான் போகிறது. கர்த்தர் நல்லவர்!

சிந்திக்க: (1) நான் பயப்படுகிற எண் உண்மையில் என்ன சொல்லுகிறது என்று கேட்டறிந்தேனா? (2) இன்றைக்கு நான் போடவேண்டிய அத்திப்பழப் பற்று எது? (3) நம் சபையில் யாருடைய அடுத்த ஊசி நாளுக்கு நான் துணை போகலாம்?

ஜெபக்குறிப்பு: நம் மாவட்டத்தில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு சகோதரிக்காகவும், அவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள், நர்சுகளுக்காகவும் இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஜெபிப்போம். ஆமென்.